ரிப்போர்ட் நார்மல், உடம்பு நார்மல் இல்லை

கொரோனா வந்துபோன பிறகும் விடாமல் தொடரும் தொல்லைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், பொதுநல மருத்துவரின் பதில்களும்.

வாசகி, திருச்சி: எனக்கு 41 வயது. பள்ளி ஆசிரியை. 2022 ஜனவரியில் கொரோனா வந்தது. மூன்று நாள் காய்ச்சல், வீட்டிலேயே சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து களைப்பு போகவே இல்லை. இரண்டு பீரியட் நின்று பாடம் எடுத்தால் கால் துவண்டுவிடுகிறது. பிள்ளைகள் பெயர் வாயில் வருவதில்லை. மாஸ்டர் செக்கப்பில் எல்லாம் நார்மல். "மனசுதான் காரணம், கோயில் குளம் போயிட்டு வாங்க" என்கிறார் டாக்டர். எனக்கு மனநோயா?

பதில்: இல்லை அம்மா. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், இதயம் இவற்றில் வெளிப்படையாகத் தெரியும் கோளாறுகளைத் தேடுவதுதான் மாஸ்டர் செக்கப். அதில் தெரியாதது உடம்பிலேயே இல்லை என்று எந்த மருத்துவப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே லாங் கோவிடுக்கு வரையறை கொடுத்துவிட்டது. தொற்று வந்து சுமார் மூன்று மாதம் ஆன நிலையில், குறைந்தது இரண்டு மாதமாவது நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொல்லைகள் அவை. களைப்பு, மூச்சு வாங்குதல், மறதி மூன்றும் அந்த வரையறையிலேயே இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத்தான் வரும் என்பதும் தவறு. சாதாரணக் காய்ச்சலோடு போனவர்களில் எத்தனையோ பேர் இன்று இப்படித்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2006-இல் சிக்குன்குனியா வந்தபோது காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டுவலியோ மாதக்கணக்கில் நின்றது. ஊரே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அப்போது யாரையும் மனசுதான் காரணம் என்று கோயிலுக்கு அனுப்பவில்லை.

ஆனாலும் ரத்த அணு, ஃபெரிட்டின், தைராய்டு, பி12 நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபெரிட்டின் பல மாஸ்டர் செக்கப் பட்டியல்களில் இருப்பதில்லை. குறட்டை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு தலைமை ஆசிரியரிடம் போய் வகுப்பறையில் ஒரு நாற்காலி கேளுங்கள். உட்கார்ந்து பாடம் எடுப்பது குற்றமல்ல. தொடர்ந்து இரண்டு பீரியட் வராதபடி டைம்டேபிளை மாற்றித் தரச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் மேசையிலேயே இருக்கட்டும்.

வாசகர், சேலம்: கொரோனா காலத்திலிருந்து கபசுரக் குடிநீரை விடாமல் தினமும் குடித்து வருகிறேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம். மருந்தைக் காபிபோல ஆண்டுக்கணக்கில் குடிக்கக் கூடாது. சித்த மருத்துவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

வாசகர், கோயம்புத்தூர்: என் மனைவிக்கு 38 வயது. ஓடியாடி வேலை செய்தவள். கொரோனாவுக்குப் பிறகு வேலை என்றாலே படுத்துவிடுகிறாள். உடம்பைப் பழக்கினால் சரியாகும் என்று தினமும் காலையில் 4 கிலோமீட்டர் வாக்கிங் கூட்டிப்போகிறேன். நடக்கும் அன்று நன்றாகத்தான் இருக்கிறாள், மறுநாள் சாயங்காலம்தான் விழுந்துவிடுகிறாள். உடம்பு வலி, தொண்டை வலி, வெளிச்சம்கூடப் பிடிப்பதில்லை. சோம்பல் என்கிறார் அம்மா. எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: நாளைக் காலை வாக்கிங்கை நிறுத்துங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

"நடக்கும் அன்று நன்றாகத்தான் இருக்கிறாள், மறுநாள்தான் விழுந்துவிடுகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் முகவரியே அதுதான். உழைத்த உடனே வருவது சாதாரண அசதி. ராத்திரி தூங்கினால் போய்விடும். இது அரைநாள், ஒருநாள், சிலருக்கு இரண்டு நாள் கழித்து வருகிறது. வந்தால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் படுக்கப்போடுகிறது. இப்படித் தாமதமாக வருவதால்தான் செவ்வாய்க்கிழமை துவைத்த துணியையும் வியாழக்கிழமை வந்த வலியையும் வீட்டில் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. "அன்னிக்கு நல்லாத்தானே இருந்தா" என்பார்கள். உங்கள் மனைவியின் உடம்பு இப்போது கந்துவட்டிக்குக் கடன் வாங்கி ஓடுகிறது. இன்று கூடுதலாக எடுப்பதற்கு நாளை மறுநாள் பல மடங்காகக் கட்டுகிறார்.

இதற்குச் சான்று இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் லாங் கோவிட் உள்ளவர்களைச் சிறிது நேரம் சைக்கிள் மிதிக்கவைத்து, அதற்கு முன்பும் மறுநாளும் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் அந்த ஆய்வு வெளியானது. மிதித்த மறுநாள் தசையில் சேதம் அதிகமாகியிருந்தது, செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் வேலையும் மந்தமாகியிருந்தது. இதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று. கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதேபோல முடங்கியவர்கள் உண்டு. 2007-இல் அவர்களுக்கு உடற்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்ன பிரிட்டனின் நைஸ் என்ற அமைப்பு, 2021 அக்டோபரில் அந்தச் சிகிச்சையைக் கொடுக்கக் கூடாது என்று மாற்றி எழுதியது. அதனால் கெட்டுப்போனோம் என்று நோயாளிகள் அத்தனை காலம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊரில் இன்றும் எந்தத் தொல்லையோடு போனாலும் "தினமும் நடங்க" என்று சீட்டின் கடைசி வரியில் எழுதித் தருகிறார்கள். மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்காமல் அந்த வரியை எழுதுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

எல்லோரும் படுத்தே இருக்க வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. வெண்டிலேட்டரில் இருந்து தசை வற்றிப்போனவர்களுக்கு பிசியோதெரபிதான் மருந்து. நடந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு தேறுகிறதா, விழுகிறதா? தேறினால் நடக்கலாம். விழுந்தால் நிறுத்த வேண்டும். உங்கள் மனைவி விழுகிறார்.

இனி வீட்டில் என்ன செய்வது? இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னென்ன வேலை, எவ்வளவு நேரம், அதற்கு அடுத்த இரண்டு நாள் எப்படி. எந்த அளவு வரை போனால் விழவில்லை என்பது தெரியவரும். அதில் பாதியோடு ஆரம்பியுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுப்பதில் பயனில்லை, களைப்பு வரும் முன்னே படுக்க வேண்டும். போனைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடி, பேச்சில்லாமல். கல்யாண வீட்டுச் சத்தம், ஒரு மணி நேரப் போன் பேச்சு, அழுகை, சண்டை எல்லாமே இந்த உடம்புக்கு உழைப்புதான்.

சமையலறையில் ஒரு உயரமான ஸ்டூல் போடுங்கள். காய் நறுக்குவதும் அடுப்பைப் பார்ப்பதும் உட்கார்ந்தபடி நடக்கட்டும். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு வேலை வேண்டாம். மாவைக் கடையில் வாங்குங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாள்தான் ஆபத்தான நாள். தேங்கிய வேலையையெல்லாம் அன்றே முடித்துவிட்டு அடுத்த வாரம் முழுதும் படுப்பார்கள். அன்று அவரைப் பிடித்து உட்காரவைப்பது உங்கள் வேலை.

அம்மாவிடம் பேச வேண்டியதும் நீங்கள்தான். மருமகள் சொன்னால் சாக்கு, மகன் சொன்னால் செய்தி. ஊக்கம் எதுவும் தேவையில்லை. துணியை நீங்கள் துவையுங்கள்.

வாசகர், சென்னை: வயது 26, ஐ.டி. வேலை. எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது. மெட்ரோவில் நின்றுகொண்டு போக முடியவில்லை. ஈ.சி.ஜி., எக்கோ நார்மல். பதற்றம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: தம்பி, அந்த ஈ.சி.ஜி.யைப் படுக்கவைத்துத்தானே எடுத்தார்கள்? தொல்லை நிற்கும்போது அல்லவா வருகிறது!

என்னிடம் வருபவர்களைப் பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியையும் பி.பி.யையும் குறிப்பேன். பிறகு குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கும்படி, முதுகைச் சுவரில் சாய்த்து நிற்க வேண்டும். பேசக் கூடாது, காலை மாற்றி மாற்றி வைக்கக் கூடாது. நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே வருவோம். படுத்தபோது 74 இருந்த நாடி ஐந்தாம் நிமிடம் 112 காட்டும், பி.பி. இறங்கியிருக்காது. கீழே பார்த்தால் பாதம் சிவந்து கருநீலமாக இருக்கும். பத்து நிமிடத்துக்குள் நாடி 30-க்கு மேல் ஏறி அங்கேயே நின்றால், பெரியவர்களுக்கு அதை பாட்ஸ் என்று பெயரிட்டுச் சொல்கிறோம். நிற்கும்போது ரத்தம் காலில் தேங்குகிறது, அதை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. இருபது வயதுக்குக் கீழே உள்ள பதின்வயதினருக்கு வரம்பு இன்னும் கூடுதல், உங்கள் வயதுக்கு 30 தான். டாக்டர் முன்னால் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம், மயங்கி விழுவீர்கள்.

இதுதான் என்று உறுதியானால், தண்ணீர் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர், உணவில் உப்பு கூடுதலாக, தொடை வரை இறுக்கும் ஸ்டாக்கிங்ஸ். பி.பி., சிறுநீரகம், இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பு ஆலோசனையைத் தொடவே கூடாது. வெயிலும் வெந்நீர்க் குளியலும் உங்களுக்கு ஆகாது. இவை போதாவிட்டால் மாத்திரைகளும் உண்டு.

வாசகி, காரைக்குடி: தாளிக்கிற வாசனை சாக்கடை மாதிரி வருகிறது. காபியும் அப்படியே. வீட்டில் சமைப்பதே நான்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்து, சாப்பிடாமல் எழுந்துவிடுகிறேன். உடம்பு இளைத்துவிட்டது.

பதில்: வெங்காயம், பூண்டு, வறுவல், முட்டை, காபி, சிலருக்குப் பற்பசை வரை இப்படித்தான் நாறும். வாசனையே தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு இப்படி மாறி வந்தால் அது நல்ல குறி. சேதமான நரம்பு மறுபடி வளர்ந்து தப்புத் தப்பாக இணைகிறபோது பெரும்பாலும் இது நேர்கிறது.

மூக்குக்குப் பயிற்சி கொடுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு வாசனைகளை வைத்து ஜெர்மனியில் 2009-இலேயே இந்த முறையைச் சோதித்தார்கள். நான்கும் நம் வீட்டிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவை. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மெதுவாக முகர்ந்து, அதன் பழைய வாசனை எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவர வேண்டும். குறைந்தது மூன்று மாதம். ஒரு வாரத்தில் விட்டுவிட்டு பலனில்லை என்று எனக்கு எழுதாதீர்கள்.

அதுவரை ஆறிய சாப்பாடு உங்களுக்கு ஒத்துப்போகும். சூடு குறைந்தால் வாசனை குறையும். தயிர்சாதம், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வாழைப்பழம். தாளிப்பதைக் கொஞ்ச நாள் வேறு யாராவது செய்யட்டும். கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், ராத்திரி சிலிண்டரை மூடிவிட்டுப் படுங்கள்.

வாசகர், திருநெல்வேலி: 2021-இல் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு போட்டார்கள். இப்போது ஒரு பக்கம் தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட முடியவில்லை. லாங் கோவிட்தானே?

பதில்: அல்ல என்றே சந்தேகிக்கிறேன். ஸ்டீராய்டுக்குப் பிறகு இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போவது உண்டு. இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

வாசகர், விழுப்புரம்: இரண்டு மாதமாக இருமல், சாயங்காலக் காய்ச்சல், 6 கிலோ குறைந்துவிட்டேன். கொரோனாவின் பின்விளைவு என்று மெடிக்கலில் டானிக் வாங்கிச் சாப்பிடுகிறேன்.

பதில்: நாளையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளி கொடுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரண்டு வார இருமலுக்கே செய்திருக்க வேண்டியதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா?

வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்: நாதஸ்வரம் வாசிப்பவன். வயது 57. 2021 மே மாதம் ஆக்சிஜனில் இருந்து பிழைத்தேன். சி.டி.யில் லேசான தழும்பு மட்டும் என்கிறார்கள். சாமி புறப்பாட்டில் விடிய விடிய வாசித்தவன், இப்போது தோடி ஆலாபனையில் பாதியிலேயே நெஞ்சு அடைக்கிறது. "ஏத்துக்கிட்டுப் போங்கப்பா" என்கிறான் மகன். எப்படி ஏற்றுக்கொள்வது?

பதில்: ஐயா, முதலில் நுரையீரலை இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்போம். ஆறு நிமிடம் நடந்த பிறகு ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது 98 என்பது போதாது. காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் பரிசோதனையும் இருக்கிறது. மார்புநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

அவை சரியாக இருந்தால், மூச்சு விடும் முறையே மாறிப்போயிருக்கலாம். மூச்சுத் திணறிப் பிழைத்தவர்கள் பலர் பயத்தில் மேல்மார்பால் வேகமாக இழுத்துப் பழகிவிடுகிறார்கள். லண்டனில் 2020-இல் ஒரு ஆபரா குழு மருத்துவர்களோடு சேர்ந்து, லாங் கோவிட் உள்ளவர்களுக்குத் தாலாட்டுப் பாடல்கள் மூலம் மூச்சைத் திரும்பக் கற்றுத்தந்தது. 2022-இல் அதன் முடிவு வெளியானபோது மூச்சுத்திணறலில் சில அம்சங்களும் மனநிலையும் தேறியது தெரிந்தது. பாடகர்களின் மூச்சுப் பயிற்சி பாமரர்களுக்கே உதவியிருக்கிறது என்றால், அடிவயிற்றிலிருந்து மூச்சை ஆள்வதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட உங்களுக்கு அது அந்நியமல்ல. வாத்தியம் இல்லாமல், உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பியுங்கள். கூடவே ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கட்டும்.

இலேசாகப் பேசுகிற சீவாளியைத் தேர்ந்தெடுங்கள். பக்க நாயனக்காரர் கூடுதலாகத் தாங்கட்டும், தவில் தனி நீளட்டும். புறப்பாட்டை விட்டுவிட்டு, உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரியை மட்டும் கொஞ்ச காலம் ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. பழையபடி ஆவீர்கள் என்று தேதி குறித்துக் கொடுக்க என்னால் முடியாது. பலர் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஏறி இறங்கித் தேறுகிறார்கள். ஆண்டுகள் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுபவர்களைப் பார்க்கிறேன். அப்படியே நின்றுவிடுபவர்களும் உண்டு. ஏற்றுக்கொள்ளச் சொல்லும் மகனுக்கு நீங்கள் இழந்தது எவ்வளவு என்று தெரியுமா? ஒரு நாள் உட்காரவைத்துச் சொல்லுங்கள். விடிய விடிய வாசித்த உடம்புக்காக அழுவதில் வெட்கமில்லை. அந்தத் துக்கத்தை முழுங்கிவிட்டு, பழைய ஆள் என்று நிரூபிக்க ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் போய் வாசித்து மூன்று நாள் படுப்பதைத்தான் தடுக்க விரும்புகிறேன். இன்று எவ்வளவு முடிகிறதோ அதை அளவாக வைத்துத் தேதி ஒப்புக்கொள்ளுங்கள், 2019-இன் அளவை வைத்து அல்ல. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நோய் கற்பனை என்று அதற்கு அர்த்தமில்லை. டெலிமானஸ் என்ற மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

வாசகி, ஈரோடு: லாங் கோவிடை அடியோடு குணமாக்கும் டிரிப் என்று ஒரு கிளினிக்கில் ஆறு தவணைக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: கூடாது. அடியோடு குணமாக்கும் மருந்து என்று நிரூபணமானது இன்றுவரை எதுவும் இல்லை. கொரோனாவுக்கே கொடுக்கும் பாக்ஸ்லோவிடை 15 நாள் கொடுத்து ஸ்டான்ஃபோர்டில் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை என்று 2024-இல் எழுதிவிட்டார்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ரசீதோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள், அங்கே நின்று வாதாடி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.