நதியை வரைந்த பிறகே நகரம்

கேள்வி: பண்டைய மெசபடோமியாவைக் களமாக வைத்து ஒரு வியூக விளையாட்டுக்கு வரைபடம் தயாரிக்கிறேன். நகரங்கள், நதிகள், வளங்களை எந்த வரிசையில் வைப்பது?

பதில்: முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். கி.மு. 2100-ஐ ஒட்டிய காலம் என்றால் ‘ஊர்’ என்னும் சுமேரிய நகரம்தான் தலைநகரம். பாபிலோன் இன்னும் தலையெடுக்கவில்லை. பாக்தாத் கூடவே கூடாது, அது கி.பி. 762-இல் நிறுவப்பட்டது.

அடுத்து நதிகள். இன்றைய வரைபடத்தை அப்படியே படியெடுக்காதீர்கள். யூப்ரடீஸ் தடம் மாறியிருக்கிறது. வண்டல் சேர்ந்து வளைகுடாவின் கரையும் விலகிப்போனது. இன்று வறண்ட நிலத்தில் கிடக்கும் ‘ஊர்’ அன்று கடல் வணிகத் துறைமுகம். பழைய தடத்தை வரைந்தால் உருக், நிப்பூர் போன்ற நகரங்கள் ஏன் அங்கே எழுந்தன என்பது விளங்கும்.

வளங்களில்தான் அதிகக் கவனம் தேவை. தெற்குச் சமவெளியில் பார்லி, பேரீச்சை, ஆட்டு ரோமம், களிமண், நாணல் உண்டு. உலோகமும் நல்ல மரமும் இல்லை. செம்பை ஓமானிலும், தேவதாருவை மேற்கு மலைகளிலும், நீலக்கல்லை ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானிலும், சூதுபவளத்தைச் சிந்துவெளிப் பக்கமும் வையுங்கள்.

ஆட்டம் சமமாக இருக்கட்டும் என்று எல்லா நகரத்துக்கும் செம்பைப் பங்கிட்டுவிடாதீர்கள். அந்தப் பற்றாக்குறைதான் சுமேரியரைக் கடல் வணிகத்துக்கும் தொலைதூரப் பாதைகளுக்கும் இழுத்தது. பாசனத்தால் நிலத்தில் உப்பு படிந்து விளைச்சல் குறைவதையும் ஒரு விதியாகச் சேருங்கள். ஆடுபவர் தண்ணீரையும் நிலத்தையும் எண்ணிப் பார்த்தே ஆட வேண்டியிருக்கும்.