குடிசைப் பகுதிச் சீரமைப்பில் பாதுகாப்பு ஏற்பாடுகள்

நம் நாட்டின் நகரங்களில் 6.55 கோடி மக்கள் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர் என்று 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தெரிவித்தது. இம்மக்களின் வாழ்விடத்தை என்ன செய்வது என்னும் வினாவுக்கு அரசு அளித்து வந்த விடை காலந்தோறும் மாறியுள்ளது. 1956-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் (சீரமைப்பு மற்றும் அகற்றல்) சட்டம் இரு வழிகளையும் கூறிற்று எனினும், அக்காலத்தில் அகற்றலே பெரிதாக எண்ணப்பட்டது. அகற்றப்பட்டவர்கள் நகரின் வேறொரு மூலையில் மீண்டும் குடிசை அமைத்தனர். தொலைவில் கட்டித் தரப்பட்ட வீடுகளில் வேலைக்குச் செல்லும் வழியில்லாமல் பலர் தவித்தனர். இந்த அனுபவத்தின் பயனாக, இருக்கும் இடத்திலேயே வசதிகளைச் செய்து கொடுக்கும் நகர்ப்புறக் குடிசைப் பகுதிச் சுற்றுப்புற மேம்பாட்டுத் திட்டத்தை மத்திய அரசு 1972-இல் தொடங்கிற்று. 1974-இல் இது குறைந்தபட்சத் தேவைகள் திட்டத்தின் ஓர் அங்கமாகி, மாநிலங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது.

அகற்றுவதைவிடச் சீரமைப்பது சிறந்தது என்பதில் இன்று பொருளியலாரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஏழைக்கு வீட்டைவிட வேலைக்கு அருகில் இருக்கும் இடமே பெரிய சொத்து. அச்சொத்தை அழிக்காமல் குடிநீர், வடிகால், பாதை, விளக்கு ஆகியவற்றைச் சேர்ப்பதே சீரமைப்பு. ஆனால், சீரமைப்பும் ஒரு கட்டுமானப் பணியே. நன்மைக்காகச் செய்யப்படும் பணி, முன்யோசனை இல்லாவிடில், அங்கு வாழ்வோரிலேயே மிகவும் எளியோருக்குத் தீங்கு செய்யக்கூடும். அத்தீங்கை முன்கூட்டியே கண்டறிந்து தவிர்க்கவும், தவிர்க்க இயலாதவற்றுக்கு ஈடு செய்யவும் மேற்கொள்ளப்படும் நடவடிக்கைகளையே சுற்றுச்சூழல், சமூகப் பாதுகாப்பு ஏற்பாடுகள் என்கிறோம். இவை திட்டம் முடிந்தபின் சேர்க்கும் பிற்சேர்க்கை அல்ல. திட்டத்தின் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டியவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்மையின் ஊடே நேரும் தீங்கு

1972-ஆம் ஆண்டுத் திட்டத்தின் அளவுகோல்கள் தெளிவானவை. 150 பேருக்கு ஒரு குடிநீர்க் குழாய், 20 முதல் 50 பேருக்கு ஒரு கழிப்பிடம், 30 மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம் என அவை வகுக்கப்பட்டன. எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்குகள் நிர்வாகத்திற்கு உதவியானவை. ஆயினும், குழாயிலிருந்து வழியும் நீர் எங்கே செல்லும், கழிப்பிடத்தின் கழிவு எங்கே சேரும், பாதையை அகலப்படுத்தும்போது யாருடைய சுவர் இடிபடும் என்னும் வினாக்களை அவை எழுப்பவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அலுவல் நிமித்தம் வட மாநில நகரம் ஒன்றில், சீரமைப்புப் பணி முடிவுற்றதாக அறிக்கை வந்திருந்த ஒரு குடியிருப்பைப் பார்வையிட நேர்ந்தது. பாதை முழுவதும் சிமெண்ட் கான்கிரீட் இடப்பட்டிருந்தது, விளக்குகள் எரிந்தன. குறை கூற ஒன்றுமில்லை என்றே முதலில் தோன்றியது. முதிய பெண்மணி ஒருவர் எங்களைத் தம் வீட்டு வாயிலுக்கு அழைத்துச் சென்றார். பாதையிலிருந்து அவர் வீட்டுக்குள் இரண்டு படிகள் கீழே இறங்க வேண்டியிருந்தது. முன்பு மழை பெய்தால் நீர் தெருவில் நின்றது, இப்போது தம் வீட்டில் நிற்கிறது என்று அவர் அமைதியாகக் கூறினார். பழைய பாதையைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய கான்கிரீட்டைப் போட்டதால் வந்த விளைவு இது. ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தப்படி பணி முடிந்துவிட்டது. வீட்டின் தரையை உயர்த்தும் செலவோ அந்த அம்மையாரின் தலையில் விழுந்தது.

பொருளியலில் இதனைப் புறவிளைவு என்பர். திட்டத்தின் கணக்கில் ஏறாத செலவு மறைந்துவிடுவதில்லை. அதனைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்தவரின் கணக்குக்கு அது மாறிவிடுகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளின் பொருளாதார நியாயம் இதுவே.

நீரின் வழியை அறிதல்

குடிசைப் பகுதிகள் பெரும்பாலும் பிறர் விரும்பாத தாழ்வான நிலங்களில், ஓடைக் கரைகளில், இருப்புப்பாதை ஓரங்களில் அமைகின்றன. எனவே, சுற்றுச்சூழல் ஆய்வின் முதற்பாடம் நீர் ஓடும் வழியை அறிதல்.

இவ்வகையில் இந்தூர் நகரின் அனுபவம் நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. 1980-களின் இறுதியில் பிரிட்டிஷ் உதவியுடன் அங்குத் தொடங்கிய வாழ்விட மேம்பாட்டுத் திட்டம், குடிசைப் பகுதிகளைத் தனித்தனித் தீவுகளாகக் கருதாமல், நகரின் இயற்கை வடிகால்களோடு இணைந்த ஒரு வலையாகக் கண்டது. பாதைகள் வீட்டுத் தரைமட்டத்திற்குக் கீழே அமைக்கப்பட்டன. மழைக்காலத்தில் பாதையே வடிகாலாகப் பயன்படும். நீர் வீட்டுக்குள் புகாது. ஓடைகளை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. இத்திட்டம் 1998-இல் ஆகாகான் கட்டடக்கலை விருதைப் பெற்றது.

இரண்டாவது பாடம் கசப்பானது. பின்னர் மேற்கொள்ளப்பட்ட மதிப்பாய்வுகள், பல வீடுகள் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்படாமலே இருந்ததையும், குழாய்கள் அடைபட்டுக் கிடந்ததையும், பராமரிப்புக்கு உரிய பொறுப்பும் நிதியும் இல்லாமற் போனதையும் சுட்டிக்காட்டின. வடிவமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும், முடிவிடம் இல்லாத குழாயும் பராமரிப்பில்லாத குழாயும் நோயை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மாற்றுமேயன்றிப் போக்கமாட்டா. ஆகவே, பராமரிப்புக்கான நிதி ஒதுக்கீட்டையும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவே கருத வேண்டும்.

பயன் யாரைச் சேர்கிறது?

சமூகப் பாதுகாப்பின் அடிப்படை வினா இது. கல்கத்தா நகரின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரில் பரவிய காலராவைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் குழு 1959-இல் ஆய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1961-இல் பெருநகரத் திட்டமிடல் அமைப்பும், 1970-இல் பெருநகர வளர்ச்சி ஆணையமும் தோன்றின. ‘பஸ்தி’ எனப்படும் குடியிருப்புகளில் மனிதர் அள்ளும் கழிப்பிடங்களை மாற்றுதல், குடிநீர் வழங்குதல், சந்துகளுக்குத் தளமிடுதல் ஆகிய பணிகள் பெருமளவில் நடைபெற்றன.

ஆனால் பஸ்திகளில் மூவகை உரிமையாளர்கள் இருந்தனர். நிலம் ஒருவருடையது, அதனைக் குத்தகைக்கு எடுத்துக் குடிசை கட்டிய ‘டிக்கா’ குத்தகையாளர் மற்றொருவர், அறையை வாடகைக்கு எடுத்து வாழ்பவர் மூன்றாமவர். வசதிகள் பெருகினால் இடத்தின் மதிப்பு உயரும். மதிப்பு உயர்ந்தால் வாடகை உயரும். வாடகை தர இயலாதவர் வெளியேற நேரும். அரசின் முதலீடு ஏழைக்கெனச் செய்யப்பட்டு, அதன் பயன் நில உரிமையாளரைச் சேரும் நிலை இவ்வாறு உருவாகிறது. இத்தகைய நிலங்களை அரசின் உடைமையாக்கிய 1981-ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சட்டம், அதற்குப் பதிலாக 2001-இல் வந்த சட்டம் ஆகியவற்றின் முக்கியத்துவத்தை இப்பின்னணியில் உணரலாம். பொறியியல் பணியும் குடியிருப்பு உரிமையும் இணைந்தே செல்ல வேண்டும் என்பது இதன் படிப்பினை.

அகமதாபாத் மாநகராட்சி 1995-இல் தொடங்கிய ‘பரிவர்த்தன்’ திட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. ஒவ்வொரு குடும்பமும் வசதிகளுக்காக 2,000 ரூபாயும் பராமரிப்புக்காக 100 ரூபாயும் செலுத்தியது. இதற்கு ஈடாக, 10 ஆண்டுகளுக்கு அகற்றப்பட மாட்டார்கள் என்ற உறுதியை மாநகராட்சி அளித்தது. சேவா அமைப்பைச் சார்ந்த பெண்கள் சேமிப்பைத் திரட்டுவதிலும் மக்களை ஒருங்கிணைப்பதிலும் பங்காற்றினர். பத்தாண்டு உறுதி என்பது உரிமைப் பட்டா அன்று. எனினும் அந்த உறுதி கிடைத்தவுடன் மக்கள் தம் சொந்தச் சேமிப்பை வீட்டில் முதலீடு செய்ய முன்வருகின்றனர்.

சட்டங்கள் எட்டாத இடம்

நம்மிடம் சட்டங்கள் குறைவு அல்ல. ஆனால் சிறு சீரமைப்புப் பணிகள் அவற்றின் இடைவெளிகளில் நழுவிவிடுகின்றன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடப் பணிகளைப் பொறுத்தவரை 20,000 சதுர மீட்டர் என்னும் அளவிலிருந்தே தொடங்குகிறது; ஒரு சந்தில் இடப்படும் வடிகால் அதன் வரம்புக்குள் வராது. 2014 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வுச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை வலியுறுத்துகிறது. ஆயின் அதன் கதவு நிலம் கையகப்படுத்தப்படும்போதுதான் திறக்கிறது. அரசுப் புறம்போக்கில் வாழ்வோரின் குடிசை பாதைக்காகப் பாதியாக வெட்டப்படும்போது கையகப்படுத்தல் என்னும் நிகழ்ச்சியே சட்டத்தின் பார்வையில் நேர்வதில்லை.

வெளிநாட்டு நிதி நிறுவனங்களின் கடன் பெறும் திட்டங்களுக்குத் தனி விதிகள் உண்டு. அவ்விதிகள் மீறப்பட்டால் நேரும் விளைவுக்கு மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் சான்று. 2002-இல் ஒப்புதல் பெற்ற அத்திட்டத்தில், இடம்பெயர வேண்டியிருந்த கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004 முதல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். 2006 மார்ச்சில் திட்டத்தின் ஒரு பகுதிக்கான நிதி நிறுத்தப்பட்டு, ஜூன் மாதத்தில் மீண்டும் தொடங்கிற்று. தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய குறைகளைக் காலங்கடந்து கேட்டதன் விலை இது.

இங்கு ஒரு நெருடலான உண்மையும் உண்டு. கடன் நிதியில் நடக்கும் பணிக்கு ஒரு பாதுகாப்பும், நம் சொந்த நிதியில் நடக்கும் பணிக்கு வேறொரு பாதுகாப்பும் இருப்பது பொருந்தாது. வீட்டுச் சுவர் இடிபடும் குடும்பத்திற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பிழைப்புரிமையும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 1985-ஆம் ஆண்டு ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நடைபாதைவாசிகளை அகற்ற அனுமதித்த அதே தீர்ப்பு, மழைக்காலம் முடியும்வரை அகற்றலாகாது என்றும் வரையறுத்தது. அதிகாரம் இருக்கும்போதும் அதனைப் பயன்படுத்தும் முறைக்கு வரம்பு உண்டு என்பதே அதன் பொருள்.

நடைமுறைக்குச் சில வழிகள்

உள்ளாட்சி அமைப்புகள் பெருஞ்செலவின்றி மேற்கொள்ளக்கூடிய நடைமுறைகளை இங்குத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, பணி தொடங்குமுன் அங்கு வாழ்வோர் அனைவரையும் கணக்கெடுத்தல். வீட்டு உரிமையாளரோடு வாடகைக்கு இருப்போர், சிறு தொழிற்கூடம் நடத்துவோர், தெரு வணிகர், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் ஆகியோரும் பட்டியலில் இடம்பெற வேண்டும். கணக்கெடுப்பு நாளை முன்கூட்டி அறிவித்து, பட்டியலை அக்குடியிருப்பிலேயே ஒட்டி, திருத்தங்களை ஏற்க வேண்டும்.

இரண்டாவது, மட்ட அளவீடு. ஒவ்வொரு வீட்டு வாயிலின் மட்டமும், வடிகால் சென்று சேரும் இடத்தின் மட்டமும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். பாதை வாயிலைவிட உயரலாகாது என்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே எழுதலாம்.

மூன்றாவது, மாற்று வழிகளை ஆராய்தல். வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்துவதற்குச் செலவில்லை. கான்கிரீட் இட்டபின் நகர்த்துவதற்கு எல்லையற்ற செலவு. பாதையை ஓரடி குறைத்தால் பத்து வீடுகள் தப்புமெனில் அதுவே சிறந்த பொறியியல்.

நான்காவது, இடம்பெயர்த்தல் தவிர்க்க முடியாதெனில் அக்குடியிருப்புக்குள்ளேயோ அதன் அருகிலேயோ மாற்றிடம் தருதல். வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டும்போது அதனை அளந்து மெய்ப்பிக்க வேண்டும். மழைக்காலத்திலும் பள்ளித் தேர்வுக் காலத்திலும் வீடுகளை இடித்தல் கூடாது.

ஐந்தாவது, கட்டுமானக் காலப் பாதுகாப்பு. தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு, இரவில் விளக்கு, இடிபாடுகளை உடனே அகற்றுதல், குடிநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து விலக்கி உயரத்தில் பதித்தல் ஆகியவை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும். அமைக்கப்படும் கழிவுநீர் முறை, மனிதரைக் குழிக்குள் இறக்கும் தேவையை ஏற்படுத்தலாகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ள கடமையும் இதுவே.

ஆறாவது, குறைகேட்பு. முறையீட்டைப் பெறுபவர் பணியை நிறைவேற்றும் பொறியாளராக இருத்தல் கூடாது. பதிவேடு, ரசீது, பதிலுக்குரிய காலக்கெடு ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான குறைகள் வழக்கு மன்றம் வரை செல்லமாட்டா.

முடிவுரை

ஒடிசா மாநிலம் 2017-இல் குடிசைவாசிகளுக்கு நில உரிமை அளிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. ஆளில்லா விமானங்கள் மூலம் குடியிருப்புகள் அளக்கப்பட்டன; குடியிருப்போர் சங்கங்கள் அப்பணியில் இணைக்கப்பட்டன. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும் இவ்வுரிமை வாரிசுகளைச் சேரும். பிறருக்கு விற்க இயலாது. உரிமையை முதலில் உறுதிசெய்து, வசதிகளை அதன்மேல் அமைக்கும் இம்முறை பிற மாநிலங்களின் கவனத்திற்குரியது.

பாதுகாப்பு ஏற்பாடுகள் பணியைத் தாமதப்படுத்துகின்றன என்னும் குறை அலுவலகங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கணக்கெடுப்புக்கும் கலந்தாய்வுக்கும் சில மாதங்கள் தேவைதான். முன்னர்க் குறிப்பிட்ட வீட்டைப் போன்று தவறாக உயர்த்தப்பட்ட பாதையால் நீர் புகும் வீடுகளில், அத்தவறு ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்ப வருகிறது. திட்டம் முடிந்ததாக அறிக்கை அனுப்புமுன், அக்குடியிருப்பின் மிகத் தாழ்ந்த வீட்டின் வாயிலில் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் வழக்கத்தை நம் அலுவலர்கள் மேற்கொள்வார்களாயின், பாதுகாப்பு ஏற்பாடுகளின் முதற்படி நிறைவேறியதாகக் கொள்ளலாம்.