எட்டுகின்றதா சேவை?

செகந்திராபாத்தின் வடபுறத்தில், கரீம்நகர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி லோத்குண்டா அமைந்துள்ளது. முற்காலத்தில் இந்நகரத்து மக்கள் மின்கட்டணத்திற்கு ஓர் அலுவலகம், குடிநீர்க் கட்டணத்திற்கு மற்றோர் அலுவலகம் என அலைந்து, வரிசையில் காத்து நின்றனர். 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இ-சேவா’ மையங்கள் இப்பணிகளை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தன. 2011இல் ‘மீசேவா’ தோன்றியது. தெலுங்கில் ‘மீ’ என்பதற்கு ‘உங்கள்’ என்பது பொருள். பிறப்புச் சான்று, வருமானச் சான்று முதலியவற்றிற்கு இம்மையங்களில் விண்ணப்பிக்கலாம்.

மையம் திறந்துவிட்டதனால் சேவை எல்லார்க்கும் எட்டிவிட்டது எனலாமா? அதனை அளந்தே அறிதல் வேண்டும். அளக்கும்போது கேட்கும் வினாவைப் பொறுத்தே விடையும் அமையும்.

2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வு வீடுகளை எண்ணியது. இந்திய நகரங்களில் 42 விழுக்காட்டு வீடுகளிலும், சிற்றூர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டு வீடுகளிலும் இணைய வசதி இருந்தது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வோ ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே வினவியது. 15 முதல் 49 அகவையினருள் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் ஆண்களில் 57 விழுக்காட்டினர். பெண்களில் 33 விழுக்காட்டினரே. ‘வீட்டில் உள்ளதா?’ என்னும் வினா மறைத்த வேற்றுமையை, ‘நீங்கள் பயன்படுத்தியதுண்டா?’ என்னும் வினா வெளிப்படுத்தியது.

2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே கைப்பேசியும் இருப்பின், கணக்கேட்டில் அது ‘வசதியுள்ள வீடு’. ஆயினும், மூன்று வகுப்புகளும் ஒரே வேளையில் நடந்தால் இருவர் பாடத்தை இழப்பர்.

மொழியும் ஒரு தடையாகலாம். பிழைப்புத் தேடி வந்த தாய் தமிழ் மட்டுமே படிக்க வல்லவராயின், தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தைத் தம் பிள்ளையிடமே தருவார். பிள்ளை பள்ளியில் இருக்கும் நேரத்தில், அருகிலுள்ள மையமும் அவருக்குத் தொலைவே. ஆதலின் தொலைவு, செலவு, திறன், மொழி ஆகிய நான்கையும் சேர்த்து அளப்பதே முழுமையான அளவாகும்.

சொற்பொருள்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
அகவை – வயது

பயிற்சி
1. இரண்டு ஆய்வுகளும் கேட்ட வினாக்கள் எவ்வாறு வேறுபட்டன?
2. ‘வசதியுள்ள வீடு’ என்னும் கணக்கு எதனை மறைக்கிறது?
3. உன் வீட்டில் படிவங்களை நிரப்புபவர் யார்? அவர் இல்லாதபோது அப்பணி எவ்வாறு நடைபெறும்? ஐந்து தொடர்களில் எழுதுக.