விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு

கல்லூரி விடுதியில் சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறதா? பெட்டி, பக்கெட் எல்லாம் கடைசி வாரம் வாங்கிக்கொள்ளலாம். இப்போதே பிள்ளையைத் தன் துணியைத் தானே துவைக்க விடுங்கள். வெள்ளைச் சட்டையைத் தனியாக ஊறவைக்க, காலரில் சோப்புப் போட்டுத் தேய்க்க மகனுக்கும் தெரிய வேண்டும். பஸ், ரீசார்ஜ், டீ, பலகாரம் என ஒரு மாதச் செலவுப் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுங்கள். 20-ஆம் தேதியே தீர்ந்தாலும் மேற்கொண்டு தராதீர்கள். அந்தத் திண்டாட்டம் வீட்டில் இருக்கும்போதே வருவது நல்லது. டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் செய்து, ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். ராகிங் புகாருக்கான 24 மணி நேர இலவச எண் 1800-180-5522. பிள்ளையின் செல்போனில் பதிந்து கொடுங்கள். சேர்ந்த புதிதில் “வீட்டுக்கே வந்துடறேன்மா” என்று அழுதால், திட்டாமல் முழுதாகக் கேளுங்கள்.