கிரிட்டில் கரும்புள்ளியா? அக்கா சொல்ற டிப்ஸ்

செக்‌ஷன் அருமையாக வந்திருக்கும், 70 நானோமீட்டர், வெள்ளி மினுமினுப்பு. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஏற்றினால் படம் முழுக்கக் கரும்புள்ளி! உடனே சாம்பிளைத் திட்டாதே, தங்கச்சி. பெரும்பாலும் வினை ஸ்டெயினில்தான் இருக்கும். அதிலும் ஸ்டெயினைத் தொட்ட காற்றிலும் தண்ணீரிலும்.

1. எந்த அழுக்கு என்று முதலில் பார்
ஊசி ஊசியாகத் தெரிந்தால் யுரேனைல் அசிட்டேட்டைச் சந்தேகப்படு. உருண்டையாக, அட்டைக் கறுப்பாகத் தெரிந்தால் லெட் கார்பனேட்டாக இருக்கும்.

2. தண்ணீரைக் கொதிக்க வை
டிஸ்டில்டு வாட்டர்தானே என்று அப்படியே ஊற்றாதே. அதிலும் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்துப் பயன்படுத்து. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைத் திறந்து வைத்தால் மேலே வெள்ளையாக ஏடு கட்டுமே, லெட் சிட்ரேட்டிலும் அதே கதைதான்.

3. லெட் சிட்ரேட்டை அவசரப்படாமல் கலக்கு
1963இல் ரெய்னால்ட்ஸ் தந்த அளவுதான் இன்றும் கைகொடுக்கிறது. லெட் நைட்ரேட் 1.33 கிராம், சோடியம் சிட்ரேட் 1.76 கிராம், தண்ணீர் 30 மில்லி. ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கு. பிறகு அரை மணி நேரம் விட்டுவிட்டுக் குலுக்கு. பால் போல வெளுத்திருப்பது, புதிதாகக் கரைத்த 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 8 மில்லி விட்டதும் தெளிந்துவிடும். தண்ணீர் சேர்த்து 50 மில்லியாக்கு. பிஎச் 12 அளவில் இருக்க வேண்டும். தெளியவில்லையா? அதைத் தொடவே தொடாதே, புதிதாகக் கலக்கு.

4. யுரேனைல் அசிட்டேட்டுக்கு வெளிச்சம் ஆகாது
2 சதவீதக் கரைசலைப் பழுப்பு பாட்டிலில், ஃபாயில் சுற்றி ஃபிரிட்ஜில் வை. எடுக்கும்போது 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டு, அல்லது சென்ட்ரிஃப்யூஜில் சுற்று. சுற்றிய ட்யூபில் மேலாகவும் எடுக்காதே, அடியிலிருந்தும் எடுக்காதே, நடுவிலிருந்து எடு.

5. மூச்சையும் அடக்கு
பெட்ரி டிஷ்ஷில் பாராஃபிலிம் விரித்து, ஓரத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு பெல்லட் சில போட்டு, கொஞ்ச நேரம் மூடி வை. உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடை அது இழுத்துக்கொள்ளும். பிப்பெட்டிலிருந்து வரும் லெட் சிட்ரேட்டின் முதல் சொட்டை ஒதுக்கிவிட்டு, அடுத்த சொட்டை வை. மூடியைக் கொஞ்சமாகத் தூக்கி, செக்‌ஷன் இருக்கும் பக்கம் கீழே பார்க்க கிரிட்டைச் சொட்டின் மேல் விடு. ஐந்து நிமிடம் போதும். குனிந்து பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால், உன் மூச்சுக்காற்றே புள்ளி வைத்துவிடும்.

6. கழுவுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்
யுரேனைல் மிச்சம் இருந்தால் லெட்டோடு சேர்ந்து படிந்துவிடும். அதனால் முதல் ஸ்டெயினான யுரேனைலுக்குப் பிறகு தண்ணீரில் நன்றாகக் கழுவு. லெட்டுக்குப் பிறகு முதலில் 0.02 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, அப்புறம்தான் கொதித்து ஆறிய தண்ணீர். ஃபோர்செப்ஸின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு துளி ஒளிந்திருக்கும். ஃபில்டர் பேப்பரின் கூர்முனையை அந்த இடுக்கில் நுழைத்து உறிஞ்சிவிட்டுப் பிறகு கிரிட்டை விடு. இல்லாவிட்டால் கிரிட் ஃபோர்செப்ஸோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறிவிடும்.

7. உன் உடம்பையும் பார்த்துக்கொள்
யுரேனைல் அசிட்டேட் நச்சு. கொஞ்சம் கதிர்வீச்சும் உண்டு. பொடியை மூச்சில் இழுத்துவிடக் கூடாது. ஹூடுக்குள், கிளவுஸ் போட்டு எடை போடு. லெட்டும் விஷம்தான். இரண்டையும் சிங்க்கில் கொட்டாதே; லேபிள் ஒட்டிய தனித்தனி பாட்டிலில் சேர்த்து, லேப் விதிப்படி ஒப்படை.

கடைசியாக ஒன்று: இருக்கிற கிரிட்டையெல்லாம் ஒரே மூச்சில் ஸ்டெயின் செய்துவிடாதே. ஒன்றைச் செய்து மைக்ராஸ்கோப்பில் பார், சுத்தமாக இருந்தால் மட்டும் மற்றதில் கை வை. ஸ்டெயின் கெட்டால் மறுபடி கலக்கலாம். கெட்டுப்போன செக்‌ஷனை அதே இடத்தில் மறுபடி வெட்ட முடியாது.