அப்பாவிடம் மறைப்பது சரியா?

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி குணப்படுத்த முடியாது என்று டாக்டர் எங்களிடம் மட்டும் சொன்னார். அப்பாவிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக அவர் பழசையே பேசுகிறார். பேச்சுவார்த்தை அற்றுப்போன சித்தப்பாவை விசாரிக்கிறார். நாங்கள் பேச்சை மாற்றிவிடுகிறோம். உண்மை தெரிந்தால் உடைந்துபோக மாட்டாரா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அப்பா தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றே தோன்றுகிறது. உடம்பு இளைப்பதும், நீங்கள் வாசலில் நின்று டாக்டரிடம் தணிந்த குரலில் பேசுவதும் அவர் கண்ணில் படாமலா இருக்கும்? நீங்கள் மறைப்பதால் அவருடைய பயம் போய்விடாது. அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள ஆள் இல்லாமல் போகும். வயிற்றுப்புண் என்று நம்பினாலோ, 'உடம்பு தேறட்டும், தம்பியைப் போய்ப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவார். தள்ளிப்போட அவருக்கு நாள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

உடைந்துபோவார் என்ற பயம் நம் வீடுகளில் மட்டும் இருப்பதில்லை. 1961-இல் அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டபோது சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-இல் வெளியான ஆய்வில் இதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகப் பதில் தந்தார்கள். உங்கள் அப்பாவைப் போலப் பழசைப் பேச விரும்புகிறவர்களுக்கு உதவக் கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினாவ் ஒரு முறையை உருவாக்கினார். சாவை எதிர்நோக்கி இருப்பவரிடம் அவர் வாழ்க்கையில் எது முக்கியம், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிவைக்க ஆசை என்று கேட்டு, பதிலை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, அவர் விரும்பியவர்களிடம் கொடுப்பார்கள். 2005-இல் வெளியான ஆய்வில் கலந்துகொண்ட 100 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர், வாழ்க்கைக்கு அர்த்தம் கூடியதாக உணர்ந்தார்கள். 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த முறையால் மனவேதனை அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் தங்களுக்கும் குடும்பத்துக்கும் இது உதவியது என்று நோயாளிகளே சொன்னார்கள். துக்கம் இருக்கத்தான் செய்யும். அதற்காக ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதைத் தடுக்க வேண்டியதில்லை.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தாக வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான். சிலர் தெரிந்துகொள்ள விரும்ப மாட்டார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அப்பாதான். முதலில் வலி அடங்க வேண்டும். வலியில் துடிக்கிறவரிடம் எதையும் பேச முடியாது. நோய்த்தணிப்புச் சிகிச்சை டாக்டரை இப்போதே பாருங்கள்; வலிக்கு மார்ஃபின் என்றதும் பயப்படாதீர்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியணுமாப்பா, இல்ல நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். "நீங்களே பாத்துக்குங்க" என்றால் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள், மனசு மாறியிருக்கலாம். அவர் என்ன பதில் சொன்னாலும், சித்தப்பாவுக்கு இன்றே போன் செய்து வரச் சொல்லுங்கள்.