நேர்முகப் பரீட்சைக்கு வருபவரின் பஸ் காசு யார் பொறுப்பு?

கண்டியில் புடைவைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் போன கிழமை தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு கல்முனைப் பக்கமிருந்து ஐந்து பேரை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்திருக்கிறாராம். அதில் ஒரு பையன், “போக வரச் செலவு தருவீங்களா ஹாஜி?” என்று கேட்டுவிட்டானாம். “வேலைக்கு வரமுந்தியே காசு கேக்கிறவன் நாளைக்கு என்னெல்லாம் கேப்பான்?” என்பது நண்பரின் கவலை.

அவரிடம் என் பழைய கதையைச் சொன்னேன். 1990களின் கடைசியில், புறக்கோட்டையில் என் கடைக்குக் கணக்கெழுத ஆள் தேடினேன். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பையன் விண்ணப்பித்திருந்தான். வரச் சொல்லிக் கடிதம் போட்டேன். இரவு பஸ்ஸில் ஏறி வந்து, இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளியில் ஸுபஹ் தொழுதுவிட்டு, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றான். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே என் மச்சானின் மகனுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டிருந்தேன். வர வேண்டாம் என்று ஒரு தந்தி அடிக்கவும் எனக்குத் தோன்றவில்லை. விஷயத்தைச் சொன்னதும் பையன் தலையைக் குனிந்துகொண்டு, “வந்த பஸ் காசையாவது தாங்க ஹாஜி, உம்மா கடன் வாங்கித்தான் தந்தா” என்றான். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். காசு கொடுக்கவில்லை. அந்தக் கடன் இன்னும் என் கணக்கில்தான் கிடக்கிறது. அவனுடைய விலாசம் எழுதிய கடிதத்தை எங்கோ தொலைத்துவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். நமது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலையில் சேர்ந்தவரின் சம்பளம், லீவு, வேலை நேரம் ஆகியவற்றைப் பேசுகிறது. விண்ணப்பதாரி இன்னும் ஊழியர் ஆகவில்லை. ஆகவே இது பெரும்பாலும் நாம் கொடுக்கும் வாக்கைப் பொறுத்த விஷயம். ஜேர்மனியில் இது வேறு மாதிரி. அங்கே முதலாளி அழைத்து ஒருவர் வந்தால், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவசியமான பிரயாணச் செலவை அழைத்தவரே கொடுக்க வேண்டும். சிவில் சட்டக் கோவையின் 670ஆம் பிரிவை வைத்து இப்படி நடைமுறை இருக்கிறது. கொடுக்க விருப்பமில்லாதவர் அழைப்பிலேயே “செலவு தரப்படமாட்டாது” என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருந்தால் கொடுத்தாக வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்த “முன்கூட்டிச் சொல்லுதல்” என்ற பகுதிதான். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க ஏவுவதை நாம் எல்லோரும் அறிவோம். கடனுக்கு எழுதுகிறோம், சரக்குக்கு எழுதுகிறோம். ஆளைக் கூப்பிடும் கடிதத்தில் மட்டும் ஏன் ஒரு வரி எழுதத் தயங்குகிறோம்? தருவதானால் “தருவோம்” என்றும், முடியாதென்றால் “தர வசதியில்லை” என்றும் எழுதுங்கள். இரண்டாவது வரியைப் பார்த்தால் தூரத்து ஆள் வருவதா இல்லையா என்று தானே முடிவெடுப்பார்.

தருவதாக எழுதும்போது ரூபாய்க் கணக்கு எழுத வேண்டாம் என்பது என் அனுபவம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். அதே வருடம் ஜூன் மாதக் கடைசியில் 470 ரூபாய். பழைய கடிதத்தைப் பார்த்துக் காசு கொடுத்திருந்தால் பாதி வழிக்கும் போதாது. “சாதாரண பஸ் கட்டணம் அல்லது மூன்றாம் வகுப்பு ரயில் கட்டணம், போக வர” என்று எழுதினால் விலை ஏறினாலும் இறங்கினாலும் பிரச்சினை வராது. வேன் பிடித்து வருபவருக்கும் அதே அளவுதான் என்பதும் தெளிவாகும்.

பற்றுச்சீட்டு கேட்டு ஆளை வதைக்காதீர்கள். இ.போ.ச. பஸ்ஸில் சீட்டுத் தருவார்கள், தனியார் பஸ்ஸில் பல வேளை தருவதில்லை, முச்சக்கர வண்டிக்காரரிடம் கேட்கவே முடியாது. நான் ஒரு வவுச்சரில் பெயர், ஊர், தொகை எழுதி, வந்தவரின் கையொப்பம் வாங்கிச் சில்லறைக் காசேட்டில் ஆட்சேர்ப்புச் செலவு என்று பதிகிறேன். கணக்காளருக்கும் அது போதுமாக இருக்கிறது.

காசைக் கேள்வி கேட்பதற்கு முன்பே கவரில் கொடுத்துவிடுகிறேன். முடிவு சொன்ன பிறகு கொடுத்தால், தெரிவாகாதவர் அதைத் தர்மம் என்று நினைத்துக் கூசுவார். சிலர் வாங்காமலே போய்விடுவார்கள்.

பெண் பிள்ளைகளை கம்பியூட்டர் வேலைக்கு அழைக்கும்போது இன்னொன்று உண்டு. தூரத்துப் பிள்ளை தனியாக வராது, வாப்பாவோ நானாவோ கூட வருவார். அப்போது இரண்டு பேரின் கட்டணம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் நாம் பாதியைத்தான் கொடுத்தோம். வெள்ளிக்கிழமையில் அழைப்பதையும் நான் விட்டுவிட்டேன். ஜும்ஆவுக்கு ஓடும் அவசரத்தில் யாரையும் சரியாக விசாரிக்க முடிவதில்லை.

ஏமாற்றுபவர் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒரே வேனில் வந்து மூன்று பேரும் தனித்தனியாகக் காசு வாங்கியது எனக்கும் நடந்திருக்கிறது. பாஸ்போட் எடுக்க வந்தவர் வழியில் என்னிடம் ஏறி இறங்கிப் போனதும் உண்டு. அதற்காக மற்றவர்களை நிறுத்த மனமில்லை. இப்போது முதலில் கைத்தொலைபேசியில் கால் மணி நேரம் பேசிப் பார்க்கிறேன். பத்துப் பேரில் ஏழு பேர் அங்கேயே கழிந்துவிடுகிறார்கள், அவர்களுக்கும் அலைச்சல் இல்லை. மீதி மூன்று பேரை ஒரே நாளில் அழைத்து, எழுத்துச் சோதனையையும் நேர்முகத்தையும் சேர்த்தே முடிக்கிறேன். இரண்டாம் தரம் வரச் சொல்ல வேண்டியிருந்தால் அதற்கும் கட்டணம் நம்முடையதே. வேலையில் சேர்ந்தவரின் முதல் மாதச் சம்பளத்தில் இதைக் கழிக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அது கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்குவது.

கண்டி நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஐந்து பேருக்கும் முதலில் தொலைபேசி எடுப்பதாகச் சொன்னார். காசு கேட்ட பையனுக்குத்தான் முதல் அழைப்பாம்.